பழக்கப்பட்ட ஆந்தை

ஆந்தை பனியைப் பார்க்கவில்லை.

சாயங்கால நேரத்தில் சாம்பல் ஆந்தைக்கு இருக்கிற வேலை ஒன்றுதான்: வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து, தட்டு போன்ற முகத்தைக் கவிழ்த்து, இரண்டடிப் பனிக்கு அடியில் எலி நகரும் ஓசைக்குக் காதைக் கொடுத்துக் காத்திருப்பது. அமெரிக்காவில், வடக்கு மினசோட்டாவின் இந்தச் சதுப்புச் சாலையில் இருபது குளிர்காலமாக வெய்ன் அதைத்தான் படம் பிடித்து வந்தான். இன்று அது தலையை நிமிர்த்தி, காருக்குள் இருந்த அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்து அரைமணி ஆகியிருந்தது. இறக்கிவிட்ட கண்ணாடி வழியே மரப்பிசினின் வாசனையும் உறைந்த சதுப்பின் லேசான அழுகல் நெடியும் உள்ளே வந்தன. கூடவே, எத்தனை முறை துடைத்தும் போகாமல், இருக்கைக்கடியிலிருந்து மரத்தூள் வாசனை. வளர்ப்புப் பிராணிக் கடையில் எலியை மரத்தூளில் போட்டுத்தான் கொடுப்பார்கள். போன ஜனவரியில் மூன்று வாரம், தினம் ஒரு வெள்ளை எலியைச் சாலையோரப் பனியில் வீசினான். நாலாவது வாரம் ஆந்தை சிறகு விரித்து நேரே லென்ஸை நோக்கிப் பாய்ந்தது. அந்தப் படத்துக்குப் போட்டியில் முதல் பரிசு. படத்திலிருந்து எலியை அழித்துவிட்டு, இரை போடாமல் இயற்கையாக எடுத்தது என்று கையெழுத்தும் போட்டான்.

எதிரே வந்த பிக்கப் வண்டி, அவன் ஜன்னலுக்கு நேராகத் தன் ஜன்னல் வரும்படி நின்றது. கார்லா. வருஷா வருஷம் இந்தச் சதுப்பின் ஆந்தைகளை எண்ணுகிறவள். அவன் முதல் கேமரா வாங்கிய நாளிலிருந்து சிநேகிதி.

“என்னடா பரிசுக்காரா, மூக்கு இன்னும் உறைஞ்சு விழலையா?”

“விழுந்தா எடுத்து உன் கணக்குல சேத்துக்கோ.”

அவள் சிரிக்கவில்லை. “இன்னிக்கும் ஒண்ணு லாரில அடிபட்டுச் செத்துப்போச்சு. மூணாவது. வண்டியக் கண்டாலே ரோட்டுக்கு இறங்கி வருதுங்க. எவனோ எலி போட்டுப் பழக்கியிருக்கான்.”

வெய்ன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினான். உள்ளே ஒன்றும் இல்லை.

“நீதான் எப்பவும் இங்கயே கெடக்கிற. யாருன்னு தெரியுமா? நீ சொன்னா நம்புறேன்.”

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்.

“வெளியூர்க்காரனுங்க யாராச்சும் இருக்கும்,” என்றான்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.” உடனே நம்பிவிட்டாள். அந்த வேகம்தான் அவனைக் கூசவைத்தது.

அவள் வண்டியின் பின்விளக்குகள் வளைவில் மறைந்தன.

அடுத்த கம்பத்தில் இன்னொரு ஆந்தை இருந்தது. எப்போது வந்தது? அதற்கடுத்த கம்பத்திலும் ஒன்று. ஆந்தை பறந்தால் ஓசை எழாது என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மரங்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்த அந்த அமைதியில், கழுத்தில் சட்டைக் காலர் உரசுவதே பெரிதாகக் கேட்டது. வளைவு வரை கம்பத்துக்கு ஒன்று. எல்லா முகமும் அவன் பக்கம். இந்தச் சதுப்பில் மொத்தமே பதினோரு ஆந்தைகள் என்று கார்லா எண்ணியிருந்தாள். இங்கே முப்பதுக்கு மேல்.

சொல்லிவிட வேண்டும். துரத்திப் பிடித்தாவது சொல்லிவிட வேண்டும். சாவியைத் திருகி, காரை அவள் போன பக்கம் திருப்பினான்.

வளைவுக்கு அப்பால் அவள் வண்டி நின்றிருந்தது. கதவு திறந்து கிடந்தது. நடுச்சாலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, கார்லா.

இறங்கினான். “கார்லா.”

அசைவில்லை.

“நான்தான். எலி போட்டது நான்தான். பொய் சொல்லிட்டேன்.”

தோள் திரும்பவில்லை. கால் திரும்பவில்லை. தலை மட்டும் திரும்பியது. மெதுவாக. தோளோடு நிற்கவில்லை. இன்னும். முழுதுமாக, முதுகுப் பக்கம், அவனுக்கு நேரே.

முகத்தில் கோபத்தைத் தேடினான். இல்லை.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் எலியை வீசுவதற்காகக் காத்திருந்தாள்.