நரி வைக்கப் போன செயலாளர்

“செயலாளரைக் காணோம்!”

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூட மைதானம். அங்கே போட்டிருந்த பந்தலுக்குள் காலை பத்து மணிக்கு இந்தச் செய்தி வந்தபோது முதலில் யாரும் பதறவில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் அன்று செயலாளருடைய வேலையே!

தேசிய ஹாம் வானொலிக் கழகத்தின் வருடாந்திர முகாம் அது. ஹாம்கள் என்றால் மொட்டைமாடியில் கம்பி கட்டி, உரிமம் வாங்கிய பெட்டியை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, “நான் பேசுறது கேக்குதா?” என்று கேட்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். கேட்கிறது என்று பதில் வந்துவிட்டால் அன்று முழுக்க வீட்டில் அவர்களைப் பிடிக்க முடியாது. புஜ்ஜிலிருந்தும் குவாஹாத்தியிலிருந்தும் ரயிலேறி வந்து, அறுபது பேர் அந்த மைதானத்தில் கூடியிருந்தார்கள். பந்தலில் பேசிக்கொள்ளக்கூட சிலர் வாக்கி-டாக்கியைத்தான் பயன்படுத்தினார்கள்.

முகாமின் பெரிய நிகழ்ச்சி நரி வேட்டை. நிஜ நரி அல்ல; டிபன் டப்பா அளவுள்ள ஓர் ஒலிபரப்பிக்கு அந்தப் பெயர். விடிந்ததும் ஒருவர் அதைக் காட்டில் ஒளித்து, முடுக்கிவிட்டு வருவார். அது ‘கீ... கீ...’ என்று வானலையில் கூவும். ஏழு குழுக்கள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்த்து அதைத் தேடிப் போக வேண்டும். பதினோரு வருடங்களாக நரியை ஒளித்துவைப்பவர் செயலாளர் சிங்காரவேலு. ஓய்வுபெற்ற தாசில்தார். பதினோரு வருடத்தில் யாரும் நரியைக் கண்டுபிடித்ததில்லை என்பது அவருடைய பெருமை.

எட்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டியவர் பத்தாகியும் வரவில்லை. நரியும் கூவவில்லை!

“எங்கப்பா ஆறு மணிக்கு ஒரு டீ குடிச்சுட்டுப் போனாரு. சுகர் இருக்கு. மாத்திரையும் சாப்பாடும் எங்கிட்டதான் இருக்கு” என்றாள் தமயந்தி. அவருடைய மகள்; சென்னையில் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் வேலை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து எத்தனையோ பேரை வெளியே இழுத்துப் போட்டவள். இப்போது மாத்திரைப் பொட்டலத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வாக்கி-டாக்கியில் கரகரப்பு. ஈசல் இரைச்சல் மாதிரி ஒரே ‘ஸ்ஸ்ஸ்’. நடுநடுவே துண்டு துண்டாக ஒரு குரல்.

“...கால்... பாறை இடுக்கு... ஓடை... எப்படிக் கேக்குது? ஓவர்!”

அப்பா!

தமயந்தி வாயைத் திறப்பதற்குள் ஏழு குழுக்களும் முந்திக்கொண்டன. “ஐந்து-ஒன்பது சார்!” “பிரமாதமா ஐந்து-ஒன்பது!” “பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு சார்!”

ஐந்து-ஒன்பது என்றால் தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பதுக்கு ஒன்பது. ஹாம்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் முழு மதிப்பெண். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோமோ, அப்படி இதையும் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

“அப்ப சரி. வாங்க” என்றார் சிங்காரவேலு. சட்டென்று பெட்டியை அணைத்துவிட்டார்.

* * *

கிளம்பியது மூன்று பேர். தமயந்தி, பல் மருத்துவர் ஜெரோம், திருக்கோவிலூரில் மைக்செட் கடை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா. ரஹ்மத்துல்லாவின் தோளில் ஓர் ஆன்டெனா. தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பைத் துண்டாக்கி, பிளாஸ்டிக் குழாயில் கட்டியது. புதருக்குள் நுழைந்தால் வளையும். வெளியே வந்தால் ‘டொய்ங்’ என்று நிமிரும், பின்னால் வருபவரின் மூக்கில்!

“தள்ளி நடங்க டாக்டர்!”

“நான் தள்ளித்தான் வர்றேன். உன் ஆன்டெனாதான் என் மூக்கைத் தேடி வருது!”

மற்ற ஆறு குழுக்களும் ஆறு மேடுகளில் ஏறி நின்றன. செல்போனுக்கு அங்கே டவர் கிடையாது. தீயணைப்பு வண்டி மலையேறி வர மூன்று மணி நேரமாகும் என்று பந்தலிலிருந்து தகவல் வந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மலையில் மழை பிடித்தால் ஓடை அரை மணியில் இடுப்பளவு பொங்கும். அப்பாவின் கால் இருப்பதோ அந்த ஓடையில்!

தமயந்தி வரைபடத்தைப் பாறைமேல் விரித்தாள். “ஒவ்வொரு குழுவும் அப்பா குரல் எந்தத் திசையில பலமா இருக்குன்னு சொல்லுங்க. கோடு போடுறேன். கோடெல்லாம் வெட்டுற இடத்துல அவர் இருப்பாரு.”

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிங்காரவேலு வானலையில் வந்தார். இரண்டே வார்த்தை: “எப்படிக் கேக்குது?” ஐந்து-ஒன்பது என்று ஏழு பதில்கள். உடனே பெட்டியை அணைத்துவிடுவார். பேட்டரியில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம் என்று ஒருமுறை துண்டு துண்டாகக் கேட்டிருந்தது.

குழுக்கள் திசை சொல்லின. தமயந்தி கோடு போட்டாள். போட்டு முடித்துப் பார்த்தால், அப்பா ஆறு இடங்களில் இருந்தார். ஓர் இடம் மலையின் உச்சி. ஓர் இடம் மலையின் அடிவாரம். இன்னொன்று சேலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கம்!

“தாசில்தாரா இருந்தப்பகூட அவர் ஒரே நாள்ல இத்தனை இடத்துக்குப் போனதில்லையே” என்று தலையைச் சொறிந்தார் ஜெரோம்.

அந்தப் பாறை இருந்த மேட்டிலேயே, மறுபக்கத்தில் நின்றது புஜ் குழு. அதன் தலைவர் ஜோஷி பத்து வருடம் சென்னையில் வேலை பார்த்தவர். தமிழ் நன்றாக வரும். சிங்காரவேலுவின் குரல் மறுபடி ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தது. தமயந்தி காதைத் தீட்டியும் எதுவும் புரியவில்லை. ஆனால் ஜோஷி சிரித்த முகத்தோடு தன் பெட்டியை வாயருகே கொண்டுபோய், “ஐந்து-ஒன்பது சார்! வடகிழக்கு!” என்றார்.

தமயந்தி அவர் பெட்டியை எட்டிப் பார்த்தாள். ஒலி அளவுக் குமிழ் சுழியத்தில் இருந்தது!

“ஜோஷி சார்! சத்தத்தையே வைக்காம எப்படி ஐந்து-ஒன்பது?”

ஜோஷியின் முகம் சுருங்கிப்போனது. “அது... எல்லாரும் பதில் சொன்னது உங்க பெட்டியில கேட்டுச்சு. நான் மட்டும் கேக்கலன்னு சொன்னா செயலாளர் மனசு புண்படும் இல்லையா?”

தமயந்தி பென்சிலைக் கீழே வைத்தாள். திரும்பி ஜெரோமைப் பார்த்தாள். அவர் மரத்தைப் பார்த்தார். ரஹ்மத்துல்லாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“உங்களுக்கும் கேக்கலையா?”

“தமயந்தி, உண்மையைச் சொல்லிடறேன்” என்றார் ஜெரோம். “உங்கப்பா அந்த வாக்கி-டாக்கிக்குச் சொந்தமா ஒரு ஆன்டெனா சுத்தி வெச்சிருக்காரே, அது சுத்த மோசம். ஞாயித்துக்கிழமை வானொலிக் கூட்டத்துல இருபது வருஷமா யாருக்கும் சரியா கேட்டதில்லை. ஒருதரம் யாரோ ஐந்து-ஆறுன்னு சொல்லிட்டாங்க. மூணு மாசம் அவர் கூட்டத்துக்கே வரலை. அன்னையிலேர்ந்து எல்லாரும்...”

“நாம பேசுறது மட்டும் அவருக்கு எப்படிக் கேக்குது?”

“நம்ம பெட்டிகளுக்குப் பலம் ஜாஸ்தி.”

தமயந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் மழைத்துளி வரைபடத்தில் விழுந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும்: அவர்களைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா நிறுத்தாமல் நான்கு நிமிடம் பேசினால் போதும். நிஜமாகவே கேட்கிறவர்கள் திசையைப் பிடித்துவிடலாம். பேட்டரி அதற்குமேல் தாங்காது. ஒரே ஒரு வாய்ப்புதான்!

அப்பாவை நிறுத்தாமல் பேசவைக்க ஒரே வழி, அவருக்குக் கோபமூட்டுவது.

அடுத்த முறை அப்பாவின் ‘ஸ்ஸ்ஸ்’ வந்ததும் அவள் பொத்தானை அழுத்தினாள். “அப்பா, தமயந்தி பேசுறேன். நீங்க ஐந்து-ஒன்பது இல்ல. ஒண்ணு-ஒண்ணு. உங்க ஆன்டெனா வேலைக்கு ஆகாது. என்னைக்குமே ஆனதில்லை. ஓவர்!”

அடுத்த நொடியே மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

“எல்லாரும் உண்மையைச் சொல்லுங்க!” என்று கத்தினாள். “எங்கப்பா உயிரு இதுல இருக்கு!”

ஜெரோம் முதலில் துணிந்தார். “சார், ஜெரோம். எல்லாருக்கும் வலிக்காதுன்னு பொய் சொல்றதே என் தொழில். உங்ககிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். கேக்கல சார்.”

“சார், ரஹ்மத்துல்லா. போன ஜனவரியில நீங்க நாற்பது நிமிஷம் ஆண்டறிக்கை படிச்சீங்க. எனக்கு ஒரு எழுத்துகூட கேக்கல. ‘அருமையான அறிக்கை’ன்னு நான்தான் சொன்னேன்.”

“ஜோஷி, சார். நான் சத்தத்தையே வைக்கலை. மன்னிச்சிடுங்க.”

பிறகு அணை உடைந்தது. நாசிக் குழு, மதுரைக் குழு என்று ஒவ்வொன்றாக வந்து பாவமன்னிப்புக் கேட்டன. பந்தலில் சமையல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்கூட மைக்கைப் பிடுங்கித் தன் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொண்டார்.

ஸ்ஸ்ஸ்... வந்தார் சிங்காரவேலு!

“...நன்றி கெட்ட... எவன்டா அது... என் ஆன்டெனாவையா... இருபது வருஷம்... ஆண்டறிக்கை...”

நிறுத்தவில்லை. மூச்சுகூட விடவில்லை. முப்பது வருடத்து வருவாய்த்துறை அதட்டல் மொத்தமும் வானலையில் இறங்கியது.

“சீக்கிரம்! நிஜமா கேக்குறவங்க மட்டும் சொல்லுங்க!” என்றாள் தமயந்தி.

“நாசிக். எதுவும் கேக்கல!”

“மதுரை. ஒண்ணு-ரெண்டு. தெற்கு!”

இன்னும் மூன்று குழுக்களுக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. ஜோஷி இம்முறை குமிழைத் திருகி, தலையைச் சாய்த்துக் கேட்டு, “இங்கே இரைச்சல்தான்” என்று வருத்தத்தோடு சொன்னார். ரஹ்மத்துல்லா டேப் ஆன்டெனாவை வட்டமாகச் சுழற்றினார். “இருக்கு! ஒண்ணு-ஒண்ணுதான், ஆனா இருக்கு! தென்கிழக்கு!”

தமயந்தி பழைய கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு இரண்டே கோடு போட்டாள். இரண்டும் வெட்டிய இடத்தில் கடுக்காய் மரக்காடு. அதன் நடுவே ஓர் ஓடை.

“ஓடுங்க!”

ஓடினார்கள்! உன்னிச்செடி முள் கிழித்தது. சரிவில் ஜெரோம் உட்கார்ந்தே சறுக்கினார். மழை வலுத்தது. வாக்கி-டாக்கியில் வசவு தெளிந்துகொண்டே வந்தது. ஒண்ணு-மூணு... ரெண்டு-நாலு... தன்னை யாரோ திட்டுவது இவ்வளவு இனிக்கும் என்று ரஹ்மத்துல்லா அதுவரை நினைத்ததில்லை.

“...டேய் ரஹ்மத்துல்லா! உன் கடை மைக்செட்டை நான் எத்தனை கல்யாணத்துக்குச் சிபாரிசு...”

டக்! நின்றுவிட்டது. இரைச்சல்கூட மாறிப்போனது. பேட்டரி தீர்ந்தது.

தமயந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். முகத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியாக அப்பாவிடம் அவள் சொன்ன வார்த்தை, ‘வேலைக்கு ஆகாது’.

“ஷ்ஷ்!” ரஹ்மத்துல்லா கையை உயர்த்தினார். மைக்செட்காரர் காது அது. “வாக்கி-டாக்கியை அணைங்க. கேளுங்க.”

மழைச் சத்தத்தை மீறி, கீழேயிருந்து, வெறும் காற்றில் வந்தது அந்தக் குரல்.

“...சிபாரிசு பண்ணியிருப்பேன்! அதுக்கு நீ காட்டுற விசுவாசமாடா இது!”

பெட்டி செத்தது அவருக்கே தெரியவில்லை. பொத்தானை அழுத்தியபடி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அந்தப் பெட்டி இல்லாமலே பேசியிருந்தால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்!

* * *

இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் வரை சிக்கி, தண்ணீர் தொடையைத் தொட, சிங்காரவேலு நின்றுகொண்டிருந்தார். தமயந்தி குதித்து இறங்கிக் கையை விட்டுத் துழாவினாள். ஷூவின் முனை அடிப்பாறையில் கொக்கி போட்ட மாதிரி மாட்டியிருந்தது. தண்ணீருக்குள் மூழ்கி ஷூ நாடாவை அவிழ்த்தாள். ஜெரோம் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டார்.

“இழுக்கப் போறேன் சார். வலிக்காது.”

“மறுபடியும் பொய்யா!”

ஜெரோம் பிடியை இறுக்கினார். “சரி சார். பயங்கரமா வலிக்கும்.”

வலித்தது. காடு அதிர ஒரு அலறல். ஷூ ஓடையோடு போனது. கால் வெளியே வந்தது!

மேட்டில் ஏற்றி உட்காரவைத்ததும், நனைந்துபோன இட்லியையும் மாத்திரையையும் தமயந்தி ஊட்டினாள். ரஹ்மத்துல்லா அவருடைய பையைத் தூக்கினார். கனமாக இருந்தது. திறந்தால், உள்ளே நரி! ஒளித்துவைக்கப் போகும் வழியிலேயே விழுந்திருக்கிறார்.

“சார்! ஒளிக்காம கையில வெச்சு இதை ஆன் பண்ணியிருந்தா பத்தே நிமிஷத்துல வந்திருப்போமே! பையைத் தோள்லயே மாட்டியிருக்கீங்க. ஏன் சார் பண்ணலை?”

சிங்காரவேலு மென்றதை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். “எதுக்கு? ஐந்து-ஒன்பதா கேக்குதுன்னு ஏழு பேர் சொன்னீங்களே.”

 மழை பெய்துகொண்டிருந்தது. ஜெரோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அது துடைக்கத் துடைக்க நனைந்தது.

சிங்காரவேலு மகளிடம் மட்டும் மெல்லக் கேட்டார். “நிஜமாவே என்னை யாரும் கேட்டதே இல்லையாம்மா?”

“கேக்கலப்பா” என்றாள் தமயந்தி. இனிமேல் பொய் சொல்வதாக இல்லை. “ஆனா ஒண்ணு சொல்றேன். கேக்காத ஒரு குரலுக்காக இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம அத்தனை பேரும் பெட்டி முன்னாடி வந்து உக்காந்திருக்காங்க. எனக்கு அப்படி ஒருத்தர் வருவாங்களான்னு தெரியலை.”

 சிங்காரவேலுவின் ஈரக் கை மகளின் தலையில் வந்து உட்கார்ந்தது.

மூங்கிலில் வேட்டியைக் கட்டித் தூளி செய்து, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு அவர்கள் பந்தலுக்கு வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. அறுபது பேரும் கைதட்டினார்கள். நரி பிடிபட்டதாக அறிவித்து, கோப்பையைத் தமயந்தி குழுவுக்கே கொடுத்தார்கள். ஒளித்துவைக்காத நரியைப் பிடித்ததாகக் கணக்கு வைக்கலாமா என்று செயலாளர் ஆட்சேபம் எழுப்பினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் காலில் கட்டோடு முகாமின் பெரிய பெட்டி முன் உட்கார்ந்தார். முகாமுக்கு வராமல் ஊரிலேயே இருந்த குவாஹாத்திக் கிளைக்காரர்களைக் கூப்பிட்டார். “எப்படிக் கேக்குது?”

“ஐந்து-ஒன்பது!” என்றது குவாஹாத்தி, யோசிக்காமல்.

“அப்படியா? நான் இப்ப என்ன சொன்னேன்?”

 தயங்கித் தயங்கி வந்தது பதில். “மூணு-நாலு சார். இரைச்சல் ஜாஸ்தி.”

பந்தலில் எல்லாரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரவேலு மைக்கைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மூணு-நாலாம்டா!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “அவ்வளவு தூரத்துலேர்ந்து, நிஜமாவே கேக்குதாம்!”