ஏழாம் நம்பர் கட்டில்

"எங்க பாத்துட்டு வர்றீங்க?"

காலையில் ஆஸ்பத்திரி வாசலில், மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்த நீச்சல் மாஸ்டர் போய் மோதியது ஒரு குடையில். குடைக்குக் கீழே இரண்டு கண்கள்... கோபம் பாதி, சிரிப்பு பாதி. ஆபரேஷனுக்காகச் சேர வந்தவன், மழையில் நனைந்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மதியம் அதே கண்கள் வார்டுக்குள் வந்தன. வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு படிவம். நேராக அவனுடைய ஏழாம் நம்பர் கட்டிலுக்கு வந்து நின்றாள்.

"நான் இங்க பார்மசிஸ்ட். நாளைக்கு உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா, மாஸ்டர்?"

தோள்வலிக்காக மூன்று வாரமாகத் தினமும் ஆஸ்பிரின் விழுங்கிக்கொண்டிருந்தான். அதை இவளிடம் போய்ச் சொல்வதா? மானம் என்னாவது!

"ஒன்னுமில்லீங்க. உடம்பு கல்லு மாதிரி!"

"சந்தோஷம்" என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். இரண்டே நிமிடம்...

பக்கத்துக் கட்டில் தாடிக்காரனோ ஒரு பை நிறைய மாத்திரையைக் கொட்டினான். அவள் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, தினம் எத்தனை, கடைசியாக எப்போது என்று நிதானமாக விசாரித்தாள். அவன் ஏதோ சொல்ல, இவள் வேறு சிரித்தாள்! மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிடம்... பதினைந்து... அந்தத் தாடியில் அப்படி என்ன இருக்கிறது? நோயாளியாக இருப்பதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் போல!

இருபதாவது நிமிடம் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க! நானும் சாப்பிடுறேன்! ஆஸ்பிரின்... தினம் ரெண்டு!"

அவள் முகம் மாறியது. உடனே டாக்டரைப் போனில் பிடித்தாள். ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனது.

"கேட்டப்பவே ஏன் சொல்லல? அது ரத்தத்தை உறைய விடாது. கத்தி வெச்சப்புறம் ரத்தம் நிக்காம போயிருந்தா?" அவள் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்தில் அவன் வீம்பெல்லாம் கரைந்தது.

"உங்க முன்னாடி நோயாளியா இருக்கப் பிடிக்கல... அவன்கிட்ட நீங்க சிரிச்சது சுத்தமாப் பிடிக்கல. காலையிலேருந்து உங்களையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். போதுமா?"

ஜன்னலில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அவள் படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நான் எப்பவும் ஒன்னாம் நம்பர் கட்டில்லேருந்துதான் ஆரம்பிப்பேன். இன்னிக்கு ஆறு பேரைத் தாண்டி மொதல்ல இங்க ஏன் வந்தேன்னு... உங்களுக்குக் கேக்கவே தோணலையா, மாஸ்டர்?"