விட்டுவந்த நிலைப்படி

அன்று மாலை மழை விட்டிருந்ததா, தூறிக்கொண்டிருந்ததா என்று நோல்ஃபாவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருமுறை நினைத்துப் பார்த்தால் தலைத்துணி நனைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொருமுறை நினைத்தால் வானம் வெளுத்து, கடற்கால்வாய்க்கு மேல் மஞ்சளாக ஒரு கீற்று வெளிச்சம் கிடந்தது. வேறு வேறு மாலைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம். ஆனால் ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை. சிப்பித் தொழிற்சாலை வேலை முடிந்து வேலிப்படலைத் திறந்து உள்ளே வந்தபோது, வீடு சத்தம் போடவில்லை.

மூன்று குளிர்காலமாக அந்த வீடு ஊதிக்கொண்டிருந்தது. முன்கதவுக்கு நிலைப்படி கிடையாது. கதவுக்கு அடியில் நான்கு விரல் உயரத்துக்கு இடைவெளி. கடலிலிருந்து ஏறிவரும் காற்று அதன் வழியே நுழையும்போது வெற்றுப் பாட்டிலின் வாயில் யாரோ உதட்டை வைத்து ஊதுவதைப் போல ஒரு சத்தம் இரவும் பகலும் வரும். பழைய கம்பளியைச் சுருட்டி அங்கே செருகி வைப்பார்கள். அதையும் தாண்டி ஊதும். நோல்ஃபா அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அது கேட்கிறவரை பயமில்லை.

இப்போது கேட்கவில்லை.

கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்தாள். கால் தடுக்கியது.

"பாத்து, அத்தை, பாத்து!" அடுப்படியிலிருந்து டெவான் ஓடிவந்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "காத்து இல்ல! கேளுங்க. காத்தே இல்ல!"

டெவான் ஜமைக்காவிலிருந்து வந்த பையன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவனை யார் வீட்டில் தங்கவைப்பது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். நோல்ஃபாவின் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வந்த நாளிலிருந்து அவன் விறகடுப்பை விட்டு நகரவில்லை. 'மூணு கம்பளி போட்டும் பல்லு தந்தி அடிக்குது, இவனை எந்தப் புண்ணியவான் சிலோயே தீவுக்கு அனுப்புனான்' என்று அவள் கணவன் ரெமிஹியோ தினமும் கேலி செய்வான்.

"டெவான் மிஸ்டர் ரம்பத்தக்கூட எடுக்கலம்மா," என்றாள் ஏழு வயது யாஸ்னா, நீல மழைச்சட்டையைக் கழற்றாமலே, வாய் நிறைய உருளைக்கிழங்கு அடையுடன். "அப்படியே வச்சாரு. டக்குனு உக்காந்துருச்சு."

"அளவெடுத்து செஞ்ச மாதிரி," என்றான் டெவான். "எங்கப்பா தச்சர். அவர் பாத்தா நம்ப மாட்டார்."

நோல்ஃபா குனிந்து பார்த்தாள். சிவந்த பழைய பலகை. நடுவில் கால்பட்டுத் தேய்ந்த பள்ளம். வலது ஓரத்தில் ஒரு சிறு கத்திக் கீறல். மூத்தவன் இவான் போட்ட கீறல்.

"எங்க எடுத்த?"

"கீழ. கடற்கரையில. புல்லுக்கு நடுவுல நட்டு வச்சிருந்தது. யாருக்கும் வேணாம்னு..." அவன் சிரிப்பு வடிந்தது. "யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா, அத்தை? தப்பு பண்ணிட்டேனா?"

அவன் தூங்குகிற கட்டில் இவானுடையது என்றே அவனிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் தங்கமாட்டான் என்று ரெமிஹியோ தடுத்துவிட்டான். யாஸ்னாவுக்கும் சொன்னதில்லை. அண்ணன் கடலில் போய்விட்டான் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் வீடு கீழே, கடற்கரையிலேயே இருந்தது. ஒரு மாலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. நோல்ஃபா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே "உள்ள வாங்க" என்றாள். இவான் திறக்க ஓடினான். அவள் திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. நிலைப்படியில் ஈரம். ஒன்பது வயதுப் பிள்ளை இல்லை. ஊரே தேடியது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் தட்டியது. அடுத்த நாளும்.

கெட்ட இடத்திலிருந்து வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது அந்தத் தீவில் புதிதல்ல. கூலி பேசாமல் ஊரார் கூடுவார்கள். மரத்தண்டுகளின் மேல் வீட்டை ஏற்றி, மாடுகளைப் பூட்டி இழுப்பார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் சாப்பாடு. அப்படித்தான் இந்த வீடும் மேட்டுக்கு வந்தது. மாடு பூட்டுவதற்கு முன் நிலைப்படியை மட்டும் அறுத்தெடுத்து, பழைய இடத்திலேயே நட்டார்கள். தட்டுகிறது வந்து அங்கே நிற்கட்டும். வீடு இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும்.

"எடு," என்றாள் நோல்ஃபா. "இப்பவே எடு."

"விளையாடுறீங்களா?"

"எடுடா!"

அவன் மண்டியிட்டு இழுத்தான். பலகை அசையவில்லை. அடுப்புக் கம்பியை விட்டு நெம்பினான். கம்பி வளைந்தது. "ஆணி அடிக்கல, அத்தை. சும்மா வச்சதுதான்," என்றான், தன்னையே நம்பாதவனைப் போல. பலகை ஊறி உப்பியிருந்தது. அதன் இடுக்குகளிலிருந்து ஈரமணல் கசிந்தது. கடல் உள்வாங்கியபின் கரையில் கிடக்கும் பாசியின் வாடை மெல்ல வீட்டுக்குள் பரவி, அடுப்புப் புகையின் வாடையை அமுக்கியது.

கோடாரி கொல்லையில் இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனமில்லை. கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பலகையைத் தாண்ட வேண்டும். இருட்டுகிற நேரத்தில் டெவானைத் தனியே வெளியே அனுப்பவும் பயம். கடப்பாரை ரெமிஹியோவின் படகில். அவன் வரும் நேரம்தான். எப்போதும் இருட்டுவதற்குள் வந்துவிடுவான்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். யாஸ்னாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். சன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஊதல் இல்லாத வீட்டில் மற்ற சத்தங்களெல்லாம் பெரிதாகக் கேட்டன: விறகு வெடிப்பது, கெண்டி முனகுவது, கூரைத் தகட்டில் எதுவோ சொட்டுவது. பிள்ளை நெளிந்தாள்.

"இறுக்குறம்மா. வலிக்குது."

"சும்மா இரு. அப்பா வர்ற வரைக்கும்."

அப்போது தட்டியது.

மூன்று தட்டு. மெதுவாக. மரியாதையாக.

அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வேலிக்கு வெளியே நின்று 'அலோ' என்று கூப்பிடுவார்கள். ரெமிஹியோகூட அப்படித்தான்.

யாஸ்னா நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது. இந்த வாரம் வகுப்பில் நடந்த பாடம் இதுதான். ஒருத்தர் தட்ட வேண்டும், ஒருத்தர் கேட்க வேண்டும். "ஹூ இஸ் இட்?" என்று கூவினாள்.

நோல்ஃபா அவள் வாயைப் பொத்தினாள்.

வெளியே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பையனின் குரல். தெளிவான குரல்.

"இட்ஸ் மீ."

இவானுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. குரல் மட்டும் அவனுடையது.

"யாரு இது? நல்லா சொல்றான்!" டெவான் எழுந்தான். வீட்டில் கனத்துக் கிடந்த கோபம் விலகுமென்று நினைத்தானோ என்னவோ, அவன் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "என் வகுப்புப் பையன்தான்."

"பேசாதே. தம்பி, பேசாதே, உன்னைக் கும்புடுறேன்..."

விளக்கு அணைந்தது. காற்றடித்தால் மின்சாரம் போவது வழக்கம்தான். ஆனால் காற்று இல்லை.

இருட்டில் டெவானின் குரல், வகுப்பில் சொல்வதைப் போலவே, உற்சாகமாக:

"கம் இன்!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கவில்லை. கதவு திறந்தது. பாசி வாடை முகத்தில் அறைந்தது. எதுவோ உள்ளே வந்தது. தாழ்வாக. வேகமாக. நோல்ஃபா அலறினாள். பிள்ளை கையிலிருந்து நழுவினாள். ஒரே கணம். துழாவினாள். தலைமுடி. தோள். பிடித்துவிட்டாள். இழுத்து மார்போடு சேர்த்து, மறுபடியும் வாயைப் பொத்தினாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அமைதி.

"அத்தை?" டெவானின் குரல் நடுங்கியது. "யாரும் இல்லையே... அத்தை?"

அவள் மூச்சு விடவில்லை. பிள்ளை இருக்கிறாள். கையில் இருக்கிறாள். அது போதும். நெளியவில்லை. வலிக்கிறது என்று முனகவில்லை. நல்ல பிள்ளை.

"அலோ!"

வேலியிலிருந்து ரெமிஹியோ. நோல்ஃபாவுக்கு அழுகை பீறிட்டது.

"அலோ! ஏ நோல்ஃபா! உனக்கு அறிவிருக்கா? பிள்ளை மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா, கதவத் திறந்து விடாம உள்ள என்ன பண்ற?"

அவள் உள்ளங்கை இன்னும் அந்தச் சின்ன வாயின் மேல்தான் இருந்தது. உதடுகள் சில்லென்றிருந்தன. கைக்கு அடியில் அவை மெல்ல விரிந்தன. சிரித்தன.

ரெமிஹியோ கதவருகே வந்தபோது அங்கே யாரும் இல்லை. யாஸ்னாவை வேலியிலிருந்து பார்த்தேன் என்று அவன் இன்றுவரை சொல்கிறான். நீல மழைச்சட்டை, ஒரு கால் வெறுங்கால். டெவான் அந்த வாரமே நகரத்தில் வேறு வீட்டுக்கு மாறி, ஆண்டு முடிந்ததும் ஊருக்குத் திரும்பினான். கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறான். பலகையைக் கோடாரியால் பிளந்துதான் எடுக்க முடிந்தது. ஈர விறகு, எரிய மூன்று நாள் ஆயிற்று. வீட்டை இன்னொரு தடவை பெயர்க்கலாம் என்று ரெமிஹியோ ஊராரைக் கேட்டான். யாரும் மாடு கொண்டுவரவில்லை. அவன் இப்போது படகிலேயே தூங்குகிறான். யாஸ்னா நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் அவள்தான் முதல். சொன்ன பேச்சைக் கேட்கிறாள், தட்டில் எதையும் மீதி வைப்பதில்லை, அவள் தலைமுடி மட்டும் எப்போதும் காய்வதில்லை.

இருட்டும் நேரத்துக்குக் கதவு தட்டப்படுகிறது. "அம்மா, நான்தாம்மா, குளிருதும்மா" என்று ஒரு குரல் அழுகிறது. நோல்ஃபா எழுவதில்லை. மேசைக்கு எதிரே கரண்டியை நிறுத்திவிட்டு, எழுவாளா என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.