பாய்லருக்குள் ஒரு வாத்தியார்

போன் அலறியபோது காலை ஏழு பத்து.

இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஸ்டேஷனுங்களா... பழைய பவர் ஹவுஸ்ல கூட்டிப் பெருக்குற செல்வம்மாள் பேசறேங்க..."

"சொல்லுங்கம்மா."

"பாய்லருக்குள்ள ஒரு கால் தெரியுதுங்க."

"காலா?"

"செருப்பு போட்ட காலுங்க. மிச்ச ஆளும் உள்ளதான் இருப்பாருன்னு நெனைக்கிறேன்."

ஜீப் பறந்தது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது மேலக்கரம்பை. 1936-ல் அங்கே நிலக்கரியில் ஓடும் பவர் ஹவுஸ் ஒன்று வந்தது. அரியலூர் ஸ்டேஷனில் கூட்ஸ் ரயிலில் இறங்கும் கரி, மாட்டு வண்டியில் இங்கே வந்து சேரும். பெரிய லைனில் மின்சாரம் வந்ததும் இதைப் பூட்டினார்கள். அப்புறம் அறுபது வருஷம் ஆடு கட்டினார்கள்.

இப்போது திடீரென்று அது ஊரின் பெருமை ஆகிவிட்டது.

நாளை மாலை அமைச்சர் வந்து அதை அருங்காட்சியகமாகத் திறக்கப்போகிறார்.

ஏட்டு அங்கமுத்து பாய்லரின் அடுப்பு வாய்க்குள் தலையை விட்டார். இழுத்தார். கரி பூசிய ஓர் ஆள் வெளியே வந்தார். பின்மண்டையில் ரத்தம்...

"மேடம், மூச்சு இருக்கு."

"யாரு இவரு?"

"கோகுலகிருஷ்ணன் வாத்தியாரு. ஸ்கூல்ல வரலாறு எடுத்து ரிடையர் ஆனவரு. இந்தப் பவர் ஹவுஸ் வரலாறையும் அவருதான் எழுதிக்கிட்டிருந்தாரு. நாளைக்கு மேடையில வாசிக்கணும்."

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு பெரம்பலூருக்கு விரைந்தது.

பக்கத்தில் கரி அள்ளும் ஷவல் ஒன்று கிடந்தது. அதன் முனையிலும் ரத்தம்.

"எப்பவும் கக்கத்துல நீல ஃபைல் ஒண்ணு வச்சிருப்பாரு. அதைக் காணோம் மேடம்."

"ஃபைல்ல என்ன?"

அங்கமுத்து அவளை வாசலுக்கு அழைத்துப் போனார். பளபளவென்று ஒரு கறுப்புக் கல்வெட்டு. 'இந்த மின் நிலையத்தைத் தொடங்கி வைத்தவர்' என்று செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே வெற்றிடம்.

"ஆறு மாசமா சண்டை மேடம். எங்க தாத்தா அய்யாக்கண்ணுதான் தொடங்கி வச்சாருன்னு முன்னாள் சேர்மன் நல்லதம்பி ஒரு பக்கம். எங்க பாட்டனார்தான்னு லப்பைக்குடிக்காடு இலியாஸ் பாய் ஒரு பக்கம். நேத்து டீக்கடையில வாத்தியாரு சொல்லியிருக்காரு... அந்தக் காலத்து இன்ஜினியரோட டைரி கெடச்சிருச்சு, பேரை மேடையில சொல்றேன்னு."

"டைரியை யாராவது பாத்தாங்களா?"

"ஒருத்தரும் பாக்கல. ஃபைலையும் யாருக்கும் காட்டினதில்ல."

"ரெண்டு பேரையும் இங்கயே வரச்சொல்லுங்க."

இலியாஸ் முதலில் வந்தார். நேராகக் கல்வெட்டிடம்தான் போனார்.

"இதுக்காகவே துபாய்ல லீவு போட்டுட்டு வந்திருக்கேன் மேடம். எங்க பாட்டனார் ஷேக் தாவூது கரி சப்ளை பண்ணலேன்னா இந்த ஊரு அரிக்கேன் வெளிச்சத்துலதான் இருந்திருக்கும். அவர் பேரு இல்லேன்னா கோர்ட்டுக்குப் போவேன்."

"வாத்தியாரை யாரோ மண்டையில அடிச்சிருக்காங்க."

"அல்லா... உசுரு இருக்கா? அவர் இல்லேன்னா பேரை யாரு மேடம் சொல்லுவா?"

அடுத்த கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி. கதர்த்துண்டு. நல்லதம்பி.

"கேள்விப்பட்டேம்மா. தங்கமான மனுசன்." உச்சுக்கொட்டினார். "கல்வெட்டு விஷயமா நானே சொல்லணும்னு இருந்தேன். பாய் தாத்தா பேரையே போட்டுக்கட்டும். எங்களுக்கு எதுக்கு வெளம்பரம்?"

இலியாஸின் வாய் பிளந்தது.

ஜெயசித்ரா நல்லதம்பியை நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் அவர் பெயர் இல்லாத பஸ் நிழற்குடை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் பெயர். சுடுகாட்டு கேட்டில் பெயர். அந்த மனிதருக்கு விளம்பரம் வேண்டாமாம்...

அவள் செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் யாரும் இல்லை.

"கல் தச்சருங்களா? இன்ஸ்பெக்டர் பேசறேன். பேரு முடிவாயிடுச்சு. எழுதிக்கங்க... திரு. அய்யாக்கண்ணு, நல்லதம்பியோட தாத்தா..."

"வேணாம்மா." நல்லதம்பி அவள் கையைப் பிடிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "எங்க தாத்தா அன்னிக்கு ஊர்லயே இல்ல."

"நேத்து வரைக்கும் இருந்தாரே?"

"மூணு பேரு செத்த பழி எங்க குடும்பத்து மேல விழணுமாம்மா?"

கூட்டிக்கொண்டிருந்த செல்வம்மாளின் துடைப்பம் நின்றது.

"எந்த மூணு பேரு?" ஜெயசித்ரா மெதுவாகக் கேட்டாள்.

நல்லதம்பி துண்டால் முகம் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அங்கமுத்து... காரைப் பாருங்க."

சீட்டுக்கு அடியில் நீல ஃபைல்.

ஜெயசித்ரா புரட்டி, வாத்தியார் கையெழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தாள். திறப்பு விழா அன்று பாய்லரில் மிஞ்சும் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வ் சிக்கிக்கொண்டது. நெருப்பை அணைத்துவிட்டு விழாவைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார் இன்ஜினியர். 'கலெக்டர் துரை காத்திருக்கிறார், இன்னும் நாலு கூடை கரி போடுங்கள்' என்று உத்தரவிட்டார் தொடங்கி வைத்தவர். விளக்கு ஐந்து நிமிஷம் எரிந்தது. பிறகு பாய்லர் வெடித்தது. கரி போட்ட அமாவாசை, சடையன், பெரியான் மூவரும் அங்கேயே கருகினார்கள். வேறு பாய்லர் வந்தது; மூவரும் காலராவில் இறந்ததாக மேலே ரிப்போர்ட் போனது.

உத்தரவிட்டவர்: அய்யாக்கண்ணு.

"அமாவாசை எங்க அப்பாவோட தாத்தாங்க." செல்வம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "காலராவுல போனாருன்னுதான் இத்தன நாளும் நம்பிக்கிட்டிருந்தோம்..."

நல்லதம்பி அவளைப் பார்க்கவில்லை.

"எலெக்‌ஷன் வருதும்மா. இவங்க தெருவுல மட்டும் அறுநூறு ஓட்டு. நேத்து சாயந்திரம் விசாரிக்கத்தான் வந்தேன். பெஞ்சுல ஃபைல் இருந்துச்சு, படிச்சேன். அவரு அடுப்புக்கிட்ட குனிஞ்சிருந்தாரு. ஷவல் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு..."

கைவிலங்கு மாட்டிய கையோடு ஜீப்பில் ஏறினார்.

மதியம். பெரம்பலூர் ஜி.எச்.

தலையில் கட்டோடு கோகுலகிருஷ்ணன் கண் விழித்தார்.

"நல்லதம்பியை அரெஸ்ட் பண்ணியாச்சு சார்," என்றாள் ஜெயசித்ரா. "டைரி எங்க இருக்கு? கோர்ட்டுல காட்டணும்."

வாத்தியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எரிச்சுட்டேன்மா. அதுக்காகத்தான் அந்த அடுப்புக்கே போனேன்."

"எரிச்சீங்களா... ஏன்?"

"அதுல அய்யாக்கண்ணு பேரு இல்ல. பவர் ஹவுஸ் மேனேஜர் பேரு இருந்துச்சு. அவரு... எங்க தாத்தா."

அங்கமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு பேரு செத்ததை மறைக்க மனசு வரல. எங்க தாத்தா பேரை எழுதவும் கை வரல. அதான் அய்யாக்கண்ணு பேரைப் போட்டுட்டேன். முப்பது வருஷம் பசங்களுக்கு வரலாறு எடுத்தவன்மா நான்..."

கண்களை மூடிக்கொண்டார்.

ஜெயசித்ரா வராந்தாவுக்கு வந்தாள். எஃப்.ஐ.ஆர் தாளை எடுத்து, அமாவாசை, சடையன், பெரியான் என்று ஒவ்வொரு பெயராக நிதானமாக எழுதினாள். தொண்ணூறு வருஷத்தில் முதல்முறையாக, செத்த காரணத்தோடு அந்தப் பெயர்கள் அரசாங்கத் தாள் ஒன்றில் ஏறின.

செல்போன் அடித்தது. இலியாஸ்.

"மேடம்... காலையில எல்லாத்தையும் நேர்லயே பாத்தேன். எங்க பாட்டனார் பேரு வேணாம். நல்லா விசாரிச்சுப் பாத்தா, அவரு அந்த வருஷமே கொழும்புல இருந்திருக்காரு."

லைன் கட்.

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். "நாளைக்கு அமைச்சர் வர்றாரு மேடம். யாருமே தொடங்கி வைக்கலேன்னா கரண்ட் எப்படி வந்துச்சுன்னு கல்லுல எழுதறது?"

ஜெயசித்ரா தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"தானா வந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க. போறப்ப மட்டும் யாரைக் கேட்டுக்கிட்டா போகுது?"