கதவுக்குப் போகாத கட்டளை

டிரிங்... டிரிங்...!

காலை பத்து நாற்பத்திரண்டு.

மருந்துக் கிடங்கின் நெட்வொர்க் அறையில் இன்டர்காம் அலறியது. நெட்வொர்க் இன்ஜினியரான அவள் எடுத்தாள்.

"ஹலோ..."

"நான்தான்!" அவளுடைய கணவன். அதே கிடங்கின் ஸ்டோர் கீப்பர். பற்கள் தந்தியடித்தன. "குளிர் அறைக்குள்ள மாட்டிக்கிட்டோம்... கதவு திறக்கல!"



குளிர் அறை. மைனஸ் நாற்பது டிகிரி!

"மாட்டிக்கிட்டோம்னா...? கூட யாருங்க?"

"சோதனைக்கு வந்த மருந்து ஆய்வாளர். பொத்துனு விழுந்துட்டாரு. பேச்சு மூச்சு இல்ல... ஏதாவது பண்ணும்மா!"

"உள்பக்கம் அவசரக் கைப்பிடி இருக்குமே?"

"உடைஞ்சு கிடக்கு. எவனோ உடைச்சிருக்கான்!"

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் ஓடிவந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"மேடம்! வெளியில என் கார்டைப் பத்து தடவை வச்சுட்டேன். சிவப்பு விளக்குதான் எரியுது. கடப்பாரை போட்டாலும் கதவு அசையல. அந்த ஆய்வாளருக்குப் போன வருஷம்தான் இதய ஆபரேஷனாம்!"

"எத்தனை நேரம் தாங்குவாரு?"

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். கால் மணி நேரமே அதிகங்கறாரு!"

அவள் விசைப்பலகையை இழுத்தாள்.

அந்தக் கிடங்கில் எல்லாம் ரவுட்டர் வழியாகத்தான். கணினி, கேமரா, இன்டர்காம், கதவு... எதுவும் அதைத் தாண்டாமல் பேச முடியாது. கார்டை வைத்தால் செய்தி ரவுட்டருக்கு வரும். ரவுட்டர் அனுப்பினால்தான் பூட்டு திறக்கும்.

இப்போது ரவுட்டர் அனுப்பவில்லை.

ஏன்...?

திரையில் வரிகள் ஓடின. அனுமதிப் பட்டியலில் நின்றாள். யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று ரவுட்டர் பார்த்து நடக்கும் பட்டியல் அது.

புதிதாக ஒரு வரி!

"சார்... குளிர் அறைக் கதவுக்குப் போற எல்லாத்தையும் தடுக்கச் சொல்லி யாரோ எழுதியிருக்காங்க."

"அழிங்க மேடம்!"

அழித்தாள்.

"கார்டு வைக்கச் சொல்லுங்க!"

கதவருகே நின்ற காவலாளியிடம் மேனேஜர் வாக்கி டாக்கியில் கத்தினார். பதில் உடனே வந்தது. "சிவப்புதான் சார்!"

திரையைப் பார்த்தாள். அழித்த வரி மறுபடி அங்கே உட்கார்ந்திருந்தது!

திரும்ப அழித்தாள். இந்தத் தடவை பச்சை விளக்கு எரிந்ததாக வாக்கி டாக்கி சொன்னது. போல்ட் நகர்வதற்குள்... சிவப்பு!

"என்ன மேடம், பேய் பிசாசா?"

"பேய்க்குப் பாஸ்வேர்டு தெரியாது சார். யாரோ இப்பவும் ரவுட்டருக்குள்ள உட்கார்ந்திருக்காங்க. நான் அழிக்க அழிக்க எழுதுறாங்க."

"ரவுட்டரை ஆஃப் பண்ணிடுங்க!"

"பண்ணினா மாற்றா வச்சிருக்கிற ஜோடி ரவுட்டர் வேலையை எடுத்துக்கும். அதுலயும் இதே வரி ஏறியிருக்கு."

இன்டர்காமில் கணவனின் குரல் நடுங்கியது. "இவரு உதடு நீலமாயிடுச்சு... எனக்கும் கை மரத்துப்போச்சு... நான் செத்துட்டா..."

"அப்படிப் பேசாதீங்க!" அவள் கண்கள் கலங்கின. விரல்கள் நிற்கவில்லை.

யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள்? பட்டியலைக் கேட்டாள். இரண்டு வரிகள் வந்தன.

இரண்டிலும் அவளுடைய பெயர்!

மேனேஜர் ஓர் அடி பின்வாங்கினார்.

"மேடம்... ரெண்டும் நீங்களா?"

"ஒண்ணு நான். இன்னொண்ணு என் பாஸ்வேர்டைத் திருடினவன்."

"இல்ல... புருஷன் பொண்டாட்டி சண்டை ஏதாவது...?"

"சார்! உள்ள என் வீட்டுக்காரர் உறைஞ்சுக்கிட்டிருக்காரு! சும்மா இருங்க!"

இரண்டாவது ஆள் எந்த முகவரியிலிருந்து வந்தான்? ரவுட்டர் தன்னிடம் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுக்கும். கொடுத்த நேரத்தையும் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும்.

அந்தக் குறிப்பைத் திறந்தாள்.

படித்தாள்.

மறுபடி படித்தாள்.

முகம் வெளிறியது. விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேல் நின்றது. ஒரு தட்டு... ஒரே ஒரு தட்டு போதும். இந்தக் குறிப்பு உலகத்தில் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

"யாரு மேடம்? தெரிஞ்சுதா?"

அவள் கையை எடுத்தாள். குறிப்பைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். அந்த முகவரியிலிருந்து யாரும் ரவுட்டருக்குள் வர முடியாதபடி தடுத்தாள். தடை வரியைக் கடைசியாக அழித்தாள்.

"இப்ப வைக்கச் சொல்லுங்க."

"பச்சை சார்! திறந்திருச்சு!" வாக்கி டாக்கி கூவியது.

மேனேஜர் துள்ளினார். அவள் துள்ளவில்லை.

"சார், போலீஸைக் கூப்பிடுங்க."

பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸும் போலீஸ் ஜீப்பும் வந்தன. ஆய்வாளரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள்.

"நாடி இருக்கு!" என்றார் டாக்டர். "இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா கஷ்டம்."

கணவன் கனத்த ரோமக் கோட்டோடு வந்து அவள் தோளைப் பற்றினான்.

"என்னைக் காப்பாத்திட்டியேம்மா!" பிறகு ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் எஸ்.ஐ.யிடம் மேனேஜரைக் காட்டினான். "மேடம், இந்த ஆள்தான்! காலாவதியான ஊசி மருந்துக்குப் புது லேபிள் ஒட்டினது வெளிய வந்துடும்னு எங்களைக் கொல்லப் பார்த்தான்!"

"அடப்பாவி!" மேனேஜர் அலறினார். "மேடம், லேபிள் ஒட்டுற வேலையெல்லாம் இவன் பொறுப்பு!"

எஸ்.ஐ. இருவரையும் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். "நீங்கதானே கதவைத் திறந்தீங்க? யாரைச் சந்தேகப்படறீங்க?"

அவள் காகிதத்தை நீட்டினாள்.  குரல் நடுங்கவில்லை.

"சந்தேகமே இல்ல மேடம். தடை வரியை எழுதினது ஒரு போன். முப்பது செகண்டுக்கு ஒரு தடவை தானா எழுதுற மாதிரி செட் பண்ணியிருக்கு. அது இணைஞ்சிருந்தது... குளிர் அறை வைஃபைல."

"வாட்!"

"ஆமா. கதவைப் பூட்டினவன் வெளியில இல்ல. உள்ளேயே இருந்தான்!"

மேனேஜரின் வாய் பிளந்தது.

"உள்ள ரெண்டு பேர்" என்றாள் அவள். "ஒருத்தர் சாதாரணச் சட்டையில மயங்கிக் கிடந்தாரு. இன்னொருத்தர் ரோமக் கோட்டுல நின்னு எனக்குப் போன் பண்ணினாரு. என் பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆளும் அவருதான். ஆய்வாளர் உயிர் போனதும் போனை நிறுத்திட்டு, தானும் மாட்டிக்கிட்ட மாதிரி வெளிய வர்றதுதான் திட்டம். கோட்டு உள்பையைப் பாருங்க."

கான்ஸ்டபிள் உள்பைக்குள் கையை விட்டார். கைபேசி வந்தது. திரையில் அதே வரி... முப்பது செகண்டுக்கு ஒரு தடவை... இன்னும் முயன்றுகொண்டே இருந்தது!

கணவனின் முகம் கோணியது. விலங்கு மாட்டியபோது உறுமினான்.

"துரோகி! கட்டின புருஷனையே காட்டிக் கொடுத்துட்டியே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்கங்க காட்டிக் கொடுத்தேன்? ரவுட்டர் காட்டிக் கொடுத்துச்சு. பாவம்... அதுக்கு நீங்க புருஷன் இல்லையே!"