இரண்டு மயில், ஒரே தூசி

காலை ஆறு மணிச் சங்கு ஊதியதும் தூத்துக்குடி உப்பளக் குடியிருப்பில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது. அவரவர் தங்கம் அடைத்த காப்புக்கூட்டை எடுத்து ஜன்னலில் பதித்திருந்த சாட்சிக்கண்ணுக்கு நேரே நீட்டினார்கள். யாரும் திறக்கவில்லை என்று பச்சை விளக்கு எரிந்தால்தான் அன்றைக்கு அந்தத் தங்கம் தங்கம்.

சுடலைமணி தன் இரண்டு கூடுகளையும் நீட்டினார். பச்சை எரிந்தது. "எரியத்தான் செய்யும்" என்று காறித் துப்பினார்.

ஒவ்வொரு கூட்டிலும் மயில் பொறித்த ஒரு நாணயம். 99.999 சுத்தம். கூட்டின் மேல்தோல் ஒரு திரை. உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டும். மனிதக் கை பட்டால் சுத்தம் போயிற்று, சந்தையில் சீந்துவாரில்லை. முப்பத்தொரு வருஷம் உப்பு வாரிச் சேர்த்ததை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. இன்றைக்கு இரண்டும் போகின்றன. மகள் கோமதியின் நுரையீரலை உப்புத்தூசி தின்றுவிட்டது. வளர்ப்பு நுரையீரலுக்கு விலை இரண்டு மயில்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி முகவர் ஜெசிந்தா வந்து, கட்டிலருகே குளிர்பெட்டியை வைத்தாள்.

"ஏம்மா, இங்க வா. இந்த மயில் மூக்குல என்ன தெரியுது?"

"தூசி மாதிரி இருக்கு."

"மத்ததையும் பாரு."

பார்த்தாள். அதே மூக்கு. அதே தூசி.

"ஒண்ணுக்கொண்ணு பதினெட்டு வருஷம் தள்ளி வாங்குனது. அச்சு ஒண்ணா இருக்கலாம், தூசியுமா ஒண்ணா இருக்கும்? எவனோ ஒரே போட்டோவ ஊர் பூரா ஒட்டிட்டான். உள்ள ஈயமோ இரும்போ, யாரு கண்டா?"

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். "அய்யா, சத்தம் போடாதீய. நாங்களும் திறக்க மாட்டோம். மருந்துக் கம்பெனிக்குக் குடுப்போம். அவுக எந்திரம் செய்றவருக்குக் குடுப்பாக. அவரும் திறக்க மாட்டாரு."

"அப்ப தங்கத்தப் பாத்தவன் எவன்?"

"பச்ச எரியுதுல்லா? எங்களுக்கு அது போதும்."

சுடலைமணி மடக்குக் கத்தியை விரித்துக் கூட்டின் விளிம்பில் வைத்தார்.

"யப்பா!" கட்டிலில் கோமதி எழப் பார்த்தாள், இருமல் விடவில்லை. "ஈயமா இருந்தா என்ன செய்வீய? தங்கமாவே இருந்தாலும் திறந்தா எனக்கு நுரையீரல் கெடைக்காதுல்லா?"

"நீ சும்மா கெடட்டி."

ஆனால் கத்தி நகரவில்லை. ஈயமென்றால் முப்பத்தொரு வருஷமும் போச்சு. தங்கமென்றால் மகள் போனாள். திறக்காமல் கொடுத்தால் மட்டும்தான் அவள் பிழைப்பாள். தான் ஏமாந்தவனா, இந்த முகவர் பெண்ணை ஏமாற்றுகிறவனா என்று சாகும்வரை தெரியப்போவதில்லை. கத்தியை மடக்கி, இரண்டு கூடுகளையும் நீட்டினார்.

ஜெசிந்தா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு குளிர்பெட்டியைத் தட்டினாள். அதன் மூடியில் ரோஜா நிறத்தில் இரண்டு நுரையீரல்கள் விம்மித் தாழ்ந்தன. கிழவர் குனிந்து பார்த்தார். இதுவும் படம்.

"ஏம்மா, இத நீ திறந்து பாத்தியா?"

"தொட்டா கிருமி ஏறிரும் அய்யா. அறுவை எந்திரந்தான் திறக்கும்."

"எந்திரம் எதைப் பாத்துச்சுன்னு யாரு சொல்லுவா?"

"பெட்டியில பச்ச..." ஜெசிந்தா பாதியில் நிறுத்தினாள். பெட்டியை முதல்முறை பார்ப்பவள் போலப் பார்த்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. கோமதி சுவரைப் பிடித்தபடி தானே நடந்து போய் ஏறினாள்.

அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மார்பில் ஒட்டியிருந்த திரை 'மூச்சு சீர்' என்றது. சுடலைமணி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, அவள் மூக்கருகே உள்ளங்கையை வைத்தார்.

"எடுங்க யப்பா, கூசுது."

"பேசாதட்டி. மூச்ச விடு."

விட்டாள். உப்பில் வெடித்துக் காய்த்த கையில் அது சூடாகப் பட்டது போலத்தான் இருந்தது. வெயில் காலம்; வாசல் காற்றும் சூடுதான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி கையை வைத்தார்.

"இன்னொரு தரம் விடு."