கேட்காமல் கழற்றிய கார்புரேட்டர்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை, என் மோட்டாரைப் பார்த்ததும் பகீரென்றது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. இரண்டு போல்ட்டுகளை மட்டும் பளிச்சென்று துடைத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

திருடன் துடைத்து வைக்க மாட்டான். ஆகவே இது அம்மாவின் வேலை.

அம்மா படகு மோட்டார் மெக்கானிக். ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்பாதி முழுவதும் பட்டறை. படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டும் மோட்டார்கள் அங்கே வரிசையாக நிற்கும். சுவரோரம் நிற்கும் பச்சை மோட்டார் மட்டும் என்னுடையது. அது அம்மாவைவிட வயதில் மூத்தது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போனதை, "எடுத்துக்கோ, ஆனா நீயேதான் சரி பண்ணணும்" என்று அம்மா கொடுத்தாள்.

பத்து மாதம் சரி பண்ணினேன். துருவைச் சுரண்டிச் சுரண்டி விரல் எல்லாம் கொப்புளம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய மட்டும் மூன்று நாள் ஆனது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதுதான். போன வாரம் தண்ணீர் ட்ரம்மில் மோட்டார் முதன்முதலாக ஓடியது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறக்கப்போவதாக வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இப்போது பார்த்தால் ஓட்டை.

"அம்மா, என் கார்புரேட்டர் எங்க?"

அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "தபால்காரர் மோட்டாருக்குப் போட்டேன். அவரோடது விரிசல் விட்டுப்போச்சு. புதுசு வர ஒரு மாசம் ஆகும்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"ரெண்டும் ஒரே கம்பெனி, அடுத்தடுத்த வருஷம் செஞ்சது. கச்சிதமா உக்காந்துச்சு."

நான் கேட்டது அதுவா? எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"உக்காந்துச்சான்னு கேக்கல. யாரைக் கேட்டன்னு கேட்டேன்."

"உன்னோடது சும்மாதானே நிக்குது. அவர் அக்கரைக்குத் தபால் கொண்டு போகணும்."

சத்தம் கேட்டு அப்பா உள்ளேயிருந்து வந்தார். "விடும்மா. சின்னப் பிள்ளை மாதிரி கத்தாதே" என்றார். எனக்குப் பதினொரு வயது. வேறு எந்த மாதிரி கத்துவது?

"அப்ப உங்க மூக்குக்கண்ணாடிய எடுத்து எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் குடுத்துடவா அப்பா? ரெண்டு பேரும் ஒரே கடையிலதானே வாங்கினீங்க. ஃபிரேமும் ஒண்ணுதான்."

அப்பா சட்டென்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "அவர் பவர் வேற, என் பவர் வேற."

நான் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

பவர் வேறு. என் மோட்டார் ஐந்து குதிரைத் திறன், தபால்காரருடையது ஏழரை. கார்புரேட்டர் வெளியே பார்க்க ஒன்றுதான். ஆனால் உள்ளே ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு உண்டு. அதன் நடுவில் ஊசிமுனை அளவு துளை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகும். பெரிய எஞ்சினுக்குத் துளையும் பெரிதாக வேண்டும். என் ஜெட்டின் தலையில் இருக்கும் எண்கூட எனக்கு மனப்பாடம்.

"அம்மா, ஜெட்டை மாத்தினியா?"

"எதுக்கு? ட்ரம்ல ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுச்சு."

"மெதுவா ஓட்டின. முழுசா முடுக்கிப் பாத்தியா?"

அம்மா இப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். ட்ரம்மில் யாரும் முழு வேகம் வைப்பதில்லை. வைத்தால் அத்தனை தண்ணீரும் பட்டறைக்குள் வந்துவிடும். கரையோரம் மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நடு ஆற்றில் இழுப்பு அதிகம், அங்கே முழுசாக முடுக்கியே ஆக வேண்டும். அப்போது பெட்ரோல் போதாமல் மோட்டார் நின்றுவிடும்.

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குத் தபால்காரர் கிளம்பிவிடுவார்.

ஒரு நொடி, 'நல்லா வேணும் அம்மாவுக்கு' என்று நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடி, விரிசல் விட்ட பழைய கார்புரேட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா ஸ்பேனரோடு பின்னால் ஓடி வந்தாள்.

தபால்காரர் மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கயிற அவுக்காதீங்க. இது நடு ஆத்துல நின்னுடும்."

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "அது என் கார்புரேட்டர்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"உன்னோடதா? பட்டறையில சும்மா கிடந்துச்சுன்னுல்ல உங்கம்மா சொன்னாங்க."

சும்மா கிடந்ததாம். பத்து மாதம். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபால்காரர் மூட்டைகளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு படகிலிருந்து இறங்கி என் எதிரே நின்றார். "எனக்குத் தெரியாது பாப்பா. இப்பக் கேக்கறேன். புதுசு வர்ற வரைக்கும் இதைக் குடுப்பியா? முடியாதுன்னா கழட்டிக்கோ, நான் துடுப்புப் போட்டே போறேன்."

இந்த விஷயத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். இவ்வளவு நேரம் கொதித்த கோபம் பாதியாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை தபால் உண்டா மாமா?"

"கிடையாது."

"அப்ப ஞாயிறு எனக்கு. மத்த நாள் உங்களுக்கு."

"சரி."

"கேட்டிருந்தா காலையிலயே குடுத்திருப்பேன்" என்றேன். அவரிடம் அல்ல.

அம்மா கார்புரேட்டரைக் கழற்றித் தந்தாள். பழையதிலிருந்த பெரிய ஜெட்டை எடுத்து நானே அதில் பொருத்தினேன். என் சின்ன ஜெட்டைப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டேன். படகு நடு ஆற்றுக்குப் போய் முழு வேகம் எடுத்தது. சத்தம் குறையவே இல்லை. அக்கரையிலிருந்து தபால்காரர் கையை ஆட்டினார்.

திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னாள், "உள்ள திறந்து பாக்காதது என் தப்பு."

"அது ரெண்டாவது தப்பு" என்றேன்.

அம்மா ஸ்பேனரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமா. முதல் தப்பு கேக்காதது."

ஞாயிற்றுக்கிழமை தபால்காரரே கார்புரேட்டரைக் கொண்டுவந்து தந்தார். என் ஜெட்டைப் போட்டு, மோட்டாரை ஒரு படகில் மாட்டி ஆற்றில் இறக்கினேன். பச்சை மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. கரையில் என் வகுப்பில் பாதிப் பேர் நின்றார்கள்.

திங்கட்கிழமை நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். கையில் எண்ணெய்த் துணி.

"உன் மோட்டார்லேருந்து ஒரே ஒரு வாஷர் எடுத்துக்கட்டுமா? நாளைக்குத் திருப்பித் தந்துடறேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "எதுக்கு, யாரோட மோட்டாருக்குன்னு சொல்லு. யோசிச்சுச் சொல்றேன்."

அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.